வீட்டுப் பெரியவருக்கு மனச்சோர்வா? கண்டுபிடிப்பதிலிருந்து மருந்தை நிறுத்தும்வரை, வரிசைப்படி

அம்மாவுக்கு ‘வாய்வுத் தொல்லை’ என்று ஏழு மாதம் வைத்தியம் பார்த்தோம். இரண்டு ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோபி, நான்கு மருத்துவர்கள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். கடைசியில் போய் நின்றது மனநல மருத்துவர் முன்னால். அதற்கப்புறம் சித்தப்பா, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், தோழியின் மாமியார் என்று சிலருக்குத் துணையாகப் போய்வந்துவிட்டேன். எல்லா வீட்டிலும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பது அவர்கள் வேலை. வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது நிறையவே இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், பொறுப்பெடுக்க ஒரே ஒரு ஆள். மகன் ஒரு டாக்டரிடமும் மகள் இன்னொரு டாக்டரிடமும் கூட்டிப்போனால், எந்த மாத்திரை எதற்கு என்று யாருக்கும் தெரியாமல் போகும். மற்றவர்கள் செலவைப் பகிரலாம், போன் பேசலாம். பேப்பரும் மாத்திரையும் ஒருவர் கையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. கடந்த ஓராண்டு ரிப்போர்ட்டுகள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளும் போட்ட ஒரு பை. ‘எல்லா’ என்றால் மெடிக்கல் கடையில் சும்மா கேட்டு வாங்கியது, லேகியம், தைலம், எப்போதோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையின் மிச்சம் உட்பட.

மூன்று மாதப் பொறுமையும் வேண்டும். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் வேறு மருத்துவரிடம் ஓடுகிறார்கள்.

2. சோகத்தைத் தேடாதீர்கள், எது நின்றுபோனது என்று பாருங்கள்

இதுதான் பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். வயதானவர்களில் பலர் அழுவதே இல்லை. ‘கவலையா இருக்கு’ என்ற வார்த்தையே அவர்கள் வாயில் வராது. வருவதெல்லாம் உடம்புதான்: நெஞ்சை அடைக்கிறது, வயிற்றுக்குள் என்னமோ பண்ணுகிறது, உடம்பெல்லாம் எரிகிறது, கை கால் அசதி, ரெண்டு நாளாய் வெளிக்கிப் போகவில்லை.

இது நடிப்பில்லை. மனச்சோர்வில் வலி உண்மையிலேயே கூடுதலாகத் தெரியும், பசி போகும், குடல் மந்தமாகும். அதனால்தான் ‘ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்ல’ என்ற வாக்கியம் அவர்களைக் காயப்படுத்துகிறது. ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, இன்னும் ஒரு வலியைக் கொண்டுவருவார்கள்.

ஆகவே இருப்பதை விட்டுவிட்டு, இல்லாமல் போனதைப் பாருங்கள். என் அம்மா கேபிள் ஐந்து நிமிடம் கட்டானால் சத்தம் போட்டுத் தெருவையே திரட்டிவிடுகிறவர். அந்த வருடம் மூன்று நாள் டிவி ஓடாததை அவர் கவனிக்கவே இல்லை. வாசல் கோலம் நாலு புள்ளிக்குச் சுருங்கியிருந்தது. சாம்பாரில் உப்பு கூடினால் சொல்வதை நிறுத்திவிட்டார். ‘அம்மா இப்பல்லாம் குறையே சொல்றதில்ல’ என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் புத்தி அப்படி.

ஆண்களிடம் இது பெரும்பாலும் எரிச்சலாக வெளிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். சவரம் செய்யாமல் விடுவது, டீக்கடைப் பேச்சுக்குப் போகாமல் இருப்பது, பேப்பரை மடித்தபடியே வைத்துவிடுவது.

3. இரண்டு வாரம் எழுதுங்கள்

மருத்துவர்கள் பார்க்கும் கால அளவு 2 வாரம். பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி, மனம் தாழ்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, சோர்வு, கவனம், மந்தம் அல்லது பதற்றம், ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், சாவு பற்றிய நினைப்பு ஆகியவற்றில் சில சேர்ந்திருக்க வேண்டும். மொத்தம் ஒன்பதில் ஐந்து என்பது கணக்கு. ஐந்துக்குக் குறைந்தாலும் அன்றாட வாழ்க்கை தடுமாறினால் போய்க் காட்டுவதே சரி.

நோட்டில் ஒரு நாளைக்கு ஐந்தே வரி: எத்தனை மணிக்கு விழித்தார், எவ்வளவு சாப்பிட்டார், யாரிடமாவது தானாகப் பேசினாரா, குளித்தாரா, எந்த நேரம் மோசம். விடிகாலை 3 மணிக்கே விழித்து, காலையில் மோசமாகவும் சாயங்காலம் சற்றுத் தேவலையாகவும் இருந்தால் அதைக் கட்டாயம் குறியுங்கள். மருத்துவருக்கு அது பெரிய துப்பு. வாரம் ஒருமுறை எடை. ஜாக்கெட் தொளதொளத்துப் போனதை வைத்து எடை குறைந்ததைக் கண்டுபிடித்த வீடும் உண்டு.

ஏன் எழுத வேண்டும்? ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அங்கே பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘எனக்கென்ன கொறச்சல், நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிவிடுவார். நோட்டு அப்போது பேசும்.

4. கேட்கும் முறை

‘மனசு சரியில்லையாம்மா?’ என்று நேரே கேட்டால் ‘அதெல்லாம் இல்ல’ என்றுதான் பதில் வரும். உடம்பில் தொடங்குங்கள். ராத்திரி தூக்கம் வந்ததா? விழித்தபோது என்ன ஓடிக்கொண்டிருந்தது? முன்னால் எதில் நேரம் போகும், இப்போது போகிறதா? இந்த மூன்றாவது கேள்வியில்தான் கதவு திறக்கும்.

கேட்கும்போது இருவர் மட்டும் இருக்க வேண்டும். மருமகள் எதிரில் மாமியாரும், மகன் எதிரில் அப்பாவும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். கை வேலையோடு கேட்பது இன்னும் நல்லது. கீரை ஆய்ந்துகொண்டே பேசியதுதான் அம்மாவிடம் பலித்தது. காது மந்தமானவரிடம் முகம் தெரியும்படி உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்.

முதியோர் மனச்சோர்வு அளவுகோல் என்று 15 கேள்விப் படிவம் ஒன்று மருத்துவமனைகளில் உண்டு. எல்லாம் ஆம், இல்லை பதில்தான். தூக்கம், பசி, வலி எதையும் அது கேட்காது. வயதானால் அவை எப்படியும் கெடும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்பதுபோல் போகும். 5 மதிப்பெண்ணைத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் உறுதி என்றல்ல. மதிப்பெண் குறைவு என்பதற்காக நோட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

துணையை இழந்த துக்கம் இதோடு குழம்பும். துக்கம் அலைபோல் வரும். நடுவில் பேரன் ஏதாவது செய்தால் சிரிப்பார், போனவரைப் பற்றிப் பேசினால் ஆறுதல்படுவார். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது, தன்னையே வெறுப்பதும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாகவும் வரலாம். ஆகவே ‘புருஷன் போன கவலை, ஒரு வருஷம் ஆனா சரியாயிடும்’ என்று தள்ளாதீர்கள்.

5. உயிர் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்

‘எப்ப கூப்பிடுவானோ’ என்று மேலே கையைக் காட்டிச் சிரிப்பது நம் பெரியவர்களின் பழக்கம். அது வேறு. ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்’, ‘உங்களுக்குப் பாரமா இருக்கேன்’ என்பது வேறு. நகையைப் பங்கு வைப்பது, பாஸ்புக்கை எடுத்துக் கொடுப்பது போன்றவை திடீரென்று நடந்தால் நில்லுங்கள்.

நேராகவே கேளுங்கள்: ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆகாது. கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்கும்.

ஆம் என்றால் இந்த வழிகாட்டியின் மீதி வரிசையை விட்டுவிடுங்கள். அன்றைக்கே மருத்துவமனை. தனியே விடக் கூடாது. பூச்சிமருந்து, எலிபேஸ்ட், மாத்திரைகள் எல்லாம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். பூட்டி வைத்துச் சாவியை ஆணியில் மாட்டுவது போதாது. சித்தப்பாவின் மோட்டார் அறையில் இருந்த டப்பாக்களைப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்கு மாற்றினோம். தடுமாறும் அந்தச் சில மணி நேரம் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம்.

பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். பெரியவர்தான் பேச வேண்டும் என்றில்லை, கவனித்துக்கொள்பவரும் கூப்பிடலாம். ஆபத்து கண்முன் என்றால் 108.

சாப்பாடும் தண்ணீரும் அறவே மறுப்பதும், ‘குடல் அழுகிப்போச்சு’, ‘காசெல்லாம் போச்சு, போலீஸ் வருது’ என்று இல்லாததை உறுதியாக நம்புவதும் இதே அவசரம்தான். அதைப் பிடிவாதம் என்று எண்ணி வாதாடி நாளைக் கழிக்காதீர்கள்.

6. மாத்திரைப் பையைக் கொட்டுங்கள், பிறகு ரத்தம் கொடுங்கள்

மனநல மருத்துவருக்கு முன்னால் இது. உடம்பில் இருக்கும் காரணத்தை விட்டுவிட்டு மனதுக்கு மருந்து கொடுத்தால் பாதி கிணறுதான் தாண்டும்.

எல்லா மாத்திரையையும் தரையில் கொட்டி, பெயர், அளவு, எப்போதிலிருந்து, யார் எழுதியது என்று பட்டியல் போடுங்கள். சில பெயர்களைக் கவனியுங்கள். வாய்வு, நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் கேப்ஸ்யூல்களில் லெவோசல்பிரைட் சேர்ந்திருக்கலாம். தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளுனரிசின் உண்டு. இவற்றை வயதானவர்கள் மாதக்கணக்கில் எடுத்தால் முகம் உணர்ச்சியற்றுப் போவது, நடை சுருங்குவது, மந்தம் எல்லாம் வரலாம். பார்க்க அச்சு அசல் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். அம்மாவின் கேப்ஸ்யூலிலும் லெவோசல்பிரைட் இருந்தது. ஐந்து மாதம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை இரண்டும் மனநிலையைக் கெடுக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பட்டியலைக் காட்டி, ‘இது இன்னும் வேணுமா?’ என்று கேளுங்கள். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

சோதனைகளில் பொது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்எச், பி12, சிறுநீரகம், சோடியம், ஒரு ஈசிஜி. தைராய்டு குறைந்தால் மந்தமும் சோர்வும் வரும். சைவம் சாப்பிடுவோருக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்போருக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். சோடியமும் ஈசிஜியும் ஏன் என்பது 9ஆம் பகுதியில் புரியும்.

காதையும் கண்ணையும் மறக்காதீர்கள். கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுவார், விலகியவர் சோர்வார். ஆசிரியருக்கு வேண்டியதில் பாதி, காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்ததும் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு மருந்து தேவைப்பட்டது.

7. மறதி நோயா என்ற சந்தேகம்

மனச்சோர்விலும் மறதி வரும். தோராயமான அடையாளம் இது. மனச்சோர்வில் இருப்பவர் கேள்வி கேட்டால் ‘தெரியலப்பா’ என்று விட்டுவிடுவார், தன் மறதியைப் பெரிதாகப் புலம்புவார், எப்போது தொடங்கியது என்று வீட்டாரால் ஓரளவு சொல்ல முடியும். மறதி நோயில் தப்பான பதிலைத் தைரியமாகச் சொல்வார், மறதியே இல்லை என்பார், வருடக்கணக்கில் மெல்ல வந்திருக்கும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பி, ஒரு மணி நேரம் தெளிவும் ஒரு மணி நேரம் உளறலுமாக இருந்தால் அது இரண்டும் இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புக் குறைவு, மருந்துக் கோளாறு என்று உடல் காரணம் இருக்கும். உடனே அவசரப் பிரிவு.

8. யாரிடம் போவது, என்ன சொல்வது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவரிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். ‘கண் டாக்டர்’ என்று கூட்டிப்போய், அங்கே பலகையைப் படித்துவிட்டு ஒரு மாதம் எங்களோடு பேசாதவர் என் சித்தப்பா. ‘தூக்கமும் பசியும் போச்சு, அதுக்குன்னு இருக்கிற டாக்டர்’ என்றால் உண்மையும் அதுதான், மானமும் போகாது.

உள்ளே போனதும் சொல்ல வேண்டியவை: எத்தனை வாரமாக, எது நின்றுபோனது, எடை, சாவுப் பேச்சு உண்டா, குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. இன்னும் ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை: முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகம், அள்ளிச் செலவு, ஓயாத பேச்சு என்று சில நாள் இருந்ததா? இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். வெறும் மனச்சோர்வு மருந்து அதைக் கிளறிவிடும்.

9. மருந்தின் முதல் ஆறு வாரம்

பெரும்பாலும் எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் வகை ஒன்று, குறைந்த அளவில் தொடங்கும். தூக்கமும் பசியும் ரொம்பக் கெட்டிருந்தால் இரவில் மிர்டாசபின் கொடுப்பதுண்டு. இளையவருக்குக் கொடுப்பதில் பாதியில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். ‘இவ்வளவு சின்ன மாத்திரை என்ன செய்யும்’ என்று நீங்களே கூட்டிவிடாதீர்கள். எஸ்சிடலோப்ராம் அளவு கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம். அதற்குத்தான் அந்த ஈசிஜி.

முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, படபடப்பு வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். இதை முன்கூட்டியே பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாத வீட்டில் நான்காம் நாளே மாத்திரை ஜன்னல் வழியாகப் போகும்.

பலன் தெரிய 4 முதல் 6 வாரம், வயதானவர்களுக்கு 8 வாரத்துக்கு மேலும் ஆகலாம். முதலில் தூக்கமும் பசியும் திரும்பும், மனம் கடைசியில். அதனால் ‘இன்னும் சிரிக்கவே இல்ல’ என்று அளக்காமல், நோட்டில் தூக்கத்தையும் இட்லி எண்ணிக்கையையும் பாருங்கள். அம்மா மூன்றாம் வாரம் இரண்டு இட்லியிலிருந்து மூன்றுக்கு வந்தார். ஆறாம் வாரம்தான் உப்பு கூடியதைச் சொன்னார்.

இப்போது சோடியம். இந்த வகை மருந்துகள் வயதானவர்களின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். பெண்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை எடுப்போருக்கும் இன்னும் அதிகம். ரத்தத்தில் சோடியத்தின் சாதாரண அளவு 135 முதல் 145. திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் வந்தால் ‘நோய் முத்திவிட்டது’ என்று நினைக்காமல் அன்றே சோடியம் பாருங்கள். எதுவும் வராவிட்டாலும் இரண்டாம் வாரம் ஒரு சோதனை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை எடுப்பவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்க வேண்டாம். வலிக்கு டிரமடால் எடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு, வழுக்காத மிதியடி போட்டுவிடுங்கள். இந்த வாரங்களில் விழுந்து இடுப்பு முறிந்தால் எல்லாம் வீண்.

பழைய சீட்டில் இருந்த அல்பிரசோலமை ‘தூங்கட்டும்’ என்று கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணம். அது விழவைக்கும், மறக்கவைக்கும், மனச்சோர்வைத் தொடாது. பழைய வகை மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் எழுதியிருந்தால், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் உள்ளவருக்கு அது சரியா என்று ஒருமுறை கேளுங்கள்.

10. மருந்தோடு சேர்த்து நடக்க வேண்டியது

‘மனச தைரியமா வச்சுக்கோங்க’, ‘கோயில் குளம்னு போய்ட்டு வாங்க’ என்ற அறிவுரைகளைப் பூட்டி வையுங்கள். முடியாததால்தான் போகவில்லை. சொல்லச் சொல்ல, தன்னால் முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சிதான் கூடும்.

மனசு வந்தால் செய்வார் என்று காத்திருக்காமல், சின்னதாகச் செய்யவைத்தால் மனசு பின்னால் வரும். ஒரு நாளைக்கு இரண்டே வேலை, நேரம் குறித்து. காலை 7 மணிக்கு வாசலில் பத்து நிமிடம் நிற்பது. சாயங்காலம் பூ கட்டுவது. அதுவும் பழைய விருப்பத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளச் சொன்ன மகனும் உண்டு, அது நமக்கு வேண்டாம். நாங்கள் அம்மாவின் கோலத்தில் நாலு புள்ளியை ஆறாக்கத்தான் கேட்டோம்.

வேலையை முழுக்கப் பறிக்காதீர்கள். ‘நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்’ என்பது அன்புதான். ஆனால் பாரமாக இருக்கிறேன் என்று நினைப்பவருக்கு அது சாட்சியாகிவிடுகிறது.

உள்ள பிரச்சினையையும் தீர்க்க வேண்டும். பென்ஷன் தடைபட்டிருக்கலாம், மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுத்து, சின்னப் படிகளாக உடைத்து, சேர்ந்து முடிப்பது ஒரு சிகிச்சை முறையே. கோவாவில் மனநலத் துறையைச் சேராத சாதாரண ஊழியர்களைப் பயிற்றுவித்து, லேசான அறிகுறிகள் இருந்த முதியவர்களிடம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது, பலன் கிடைத்தது. பென்ஷன், சொத்து, கைவிடப்படுதல் போன்ற சிக்கல்களுக்கு முதியோர் உதவி எண் 14567.

11. பலன் இல்லையென்றால், பலன் கிடைத்துவிட்டால்

சரியான அளவில் ஆறு, எட்டு வாரம் ஆகியும் அசைவில்லை என்றால், முதலில் மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று பாருங்கள். தலையணைக்கு அடியில் பதினொரு மாத்திரை கிடைத்த வீடு எனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் அளவைக் கூட்டுவது, மாற்றுவது.

உணவை மறுக்கும், பொய்யானதை நம்பும் கடும் நிலையில் மின்னதிர்வு சிகிச்சையான ஈசிடியைச் சொல்வார்கள். சினிமாவில் பார்த்ததை நினைத்துப் பதறாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. இந்த நிலையில் முதியவர்களுக்கு அது மாத்திரையைவிட வேகமாக வேலை செய்யும். சில நாள் மறதி இருக்கலாம்.

நன்றாகிவிட்டால் வரும் தப்பு இன்னொன்று: ‘நல்லாயிட்டாங்களே, எதுக்கு மாத்திரை?’ குணமான பிறகும் குறைந்தது 6 மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் தொடர வேண்டும். முன்பும் வந்திருந்தால் இன்னும் நீளும். சீக்கிரம் நிறுத்தினால் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம். நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்லும் வேகத்தில், வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். அதை நோய் திரும்பியதாக எண்ணிப் பதறுவார்கள்.

குறைக்கத் தொடங்கும் வாரம் அந்த நோட்டை மறுபடி எடுங்கள். அதே ஐந்து வரிதான். முதலில் நின்றுபோனது எதுவோ, திரும்ப வந்தால் பெரும்பாலும் அதுதான் முதலில் நிற்கும். இரண்டு வாரம் தொடர்ந்து அது நின்றிருந்தால், அடுத்த சீட்டுத் தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டிவிடுங்கள்.